ஒழுக்கம் வேறு, ஒழுங்கு வேறு

"மேலிடத்துக் கட்டளையை வீரர்கள் மிகுந்த ஒழுக்கத்தோடு நிறைவேற்றினர்." மெய்ப்புப் பார்க்க வந்த மொழிபெயர்ப்பு ஒன்றில் கண்ட வரி இது. நடந்தது எங்கே தெரியுமா? வியட்நாமின் மை லாய் கிராமத்தில், 1968 மார்ச் 16 அன்று. அமெரிக்கப் படையினர் கையில் கைக்குழந்தை முதல் கிழவி வரை 504 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது வியட்நாமியர் கணக்கு. கொன்றவர்களுக்குத் தமிழில் ஒழுக்கச் சான்றிதழ்!

மூலத்தில் இருந்த சொல் 'டிசிப்ளின்'. லத்தீனில் மாணவனைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது; கல்வி, பயிற்சி என்று பொருள் விரிந்து படைக்குள் புகுந்தது. தமிழில் 'ஒழுகு' என்ற வினைக்கு இரண்டு பிள்ளைகள். ஒழுங்கு என்றால் வரிசை, முறை. ஒழுக்கம் என்றால் நன்னடத்தை. வள்ளுவர் 'ஒழுக்கமுடைமை' என்று ஓர் அதிகாரம் வைத்தது அணிவகுத்து நிற்பதைப் பற்றி அல்ல. எறும்புச் சாரையில் ஒழுங்கு உண்டு, அவ்வளவுதான்.

அன்று மை லாயில் ஒழுக்கத்தோடு நடந்தவர் ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன். ஊராருக்கும் அமெரிக்கப் படையினருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். 'நம்மவர்கள் இந்த மக்களைச் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள்' என்று தம் குழுவினரிடம் சொன்னார். நம் மொழிபெயர்ப்பாளர் கணக்கில் இவர் ஒழுக்கங்கெட்டவர்! அன்று கொன்ற படையினரில் ஒரு பிரிவை நடத்தியவரும், கட்டளைப்படியே நடந்ததாக வாதாடியவருமான லெப்டினன்ட் வில்லியம் கேலியை 1971இல் ராணுவ நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்றது. இந்திய ராணுவச் சட்டம், 1950கூட மீறினால் குற்றம் என்று சொல்வது 'சட்டப்படியான கட்டளையை' மட்டுமே. மேற்கு ஜெர்மனியின் 1956 படைவீரர் சட்டமோ, குற்றம் செய்யச் சொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படியவே கூடாது என்கிறது. சட்டம் எழுதியவர்கள் பாடுபட்டுப் பிரித்து வைத்த இரண்டையும் நாம் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறோம்.

'கட்டுப்பாடு' போதாதா என்பார்கள். அண்ணாவின் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' வழியே நாவில் ஊறிய சொல். கட்சிக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே எத்தனை சுமை! விலைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு, கட்டுப்பாட்டு அறை. 'கண்ட்ரோல்' என்பதற்கும் அதுவே, 'ரெஸ்ட்ரிக்ஷன்' என்பதற்கும் அதுவே. படை நூலில் இவை அடுத்தடுத்து வந்தால் 'கட்டுப்பாடும் கட்டுப்பாடும்' என்றா எழுதுவது? மேலும், அது வெளியிலிருந்து கட்டும் கயிறு. பயிற்சியால் உடம்பில் படிந்த பழக்கம் அதில் தெரிவதில்லை. ஆனாலும் 'ஒழுக்கம்' அளவுக்கு அது பொய் சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் பரிந்துரை 'படையொழுங்கு'. புதிதாக எதையும் படைக்கவில்லை. தமிழக அரசு அலுவலகங்களில் 'ஒழுங்கு நடவடிக்கை' என்றுதானே எழுதுகிறார்கள்? குமாஸ்தாவுக்குத் தெரிந்த வேறுபாடு இலக்கிய மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிவதில்லை. முடிவெட்டும் காலணிப் பளபளப்பும் ஒழுக்கம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டே வளர்ந்த தலைமுறை, வேறென்ன எழுதும்?

வரியைத் திருத்தி, காரணமும் எழுதி அனுப்பினேன். "அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நான் என்ன செய்ய?" என்று பதில் வந்தது.