ஈதுல் ஃபித்ர் என்றால் நோன்புப் பெருநாள்தான்

ரமலான் முடியப் போகிறதென்றால் சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து கோட்டை வரைக்கும் 'ஈகைத் திருநாள் நல்வாழ்த்துகள்' என்று பிளக்ஸ் கட்டிவிடுகிறார்கள். எல்லாக் கட்சிக்கும் இதே சொல்தான். எனக்கு இது பொறுக்கவே இல்லை.

அரபியில் ஈத் என்றால் பெருநாள். ஃபித்ர் என்றால் நோன்பை முடிப்பது, மாலையில் அன்றைய நோன்பை முடிக்கிற இஃப்தாரும் அதே வேர்தான். சரி, இதில் ஈகை எங்கிருந்து வந்தது?

கேட்டால் ஃபித்ராவைக் காட்டுவார்கள். ஃபித்ரா கடமைதான், மறுக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை உட்பட ஆளுக்குச் சுமார் இரண்டரை கிலோ அரிசியோ அதன் விலையோ ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் பெருநாள் தொழுகைக்கு முன்பே, அன்றைக்கு யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக. ஆக, கொடுப்பதெல்லாம் முடிந்த பிறகுதான் தொழுகையே. சொத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுக்கிற ஜகாத்தோ வருஷக் கணக்கு நிறையும்போது கொடுப்பது, ரமலானில் நன்மை அதிகம் என்று பலர் அப்போது கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். கொடுப்பதை வைத்துத்தான் பெயர் என்றால் இறைச்சியைப் பங்கு வைத்துக் கொடுக்கிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, அதாவது பக்ரீத்துக்கு அல்லவா அந்தப் பெயர் போக வேண்டும்? ஈத், ஈகை என்று ஓசை ஒத்துப்போனதில் மயங்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

தமிழ் முஸ்லிம்கள் வீட்டில் நோன்புப் பெருநாள் என்றுதான் சொல்கிறார்கள். சிங்கப்பூர் அரசும் தமிழில் அப்படித்தான் எழுதுகிறது. 'நோல்' என்றால் பொறுத்துக்கொள்வது, நோற்பது, அதிலிருந்து வந்த பழைய சொல் நோன்பு. நோன்பே வைக்கக் கூடாத நாளுக்கு இப்படி ஒரு பெயரா என்று சிலர் மடக்குவார்கள். அறுத்து முடித்த பிறகுதானே அறுவடைத் திருநாள்?

'ரம்ஜான் பண்டிகை'யும் சரியில்லை. ரமலான் மாதத்தின் பெயர், பெருநாள் வருவது அது முடிந்து ஷவ்வால் பிறந்த முதல் நாளில்.

அப்புறம் இஃப்தாருக்கு எழுதுகிற இந்த 'நோன்பு துறப்பு'. செய்திகளில் எங்கே பார்த்தாலும் இதுதான். துறப்பது என்றால் வேண்டாமென்று விட்டுவிடுவது, துறவி செய்வது. பகலெல்லாம் தாகத்தோடு காத்த நோன்பை சூரியன் மறைந்து மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் ஒருவர் துறந்தா விடுகிறார்? அவர் அதை நிறைவேற்றியிருக்கிறார். மக்கள் சொல்வது நோன்பு திறப்பது. உருது பேசும் வீடுகளில் 'ரோஜா கோல்னா' என்பார்கள், கோல்னா என்றாலும் திறப்பதுதான். இதைக் கொச்சை என்று நினைத்து யாரோ திருத்தப் போய், பொருளையே கெடுத்து வைத்திருக்கிறார்கள். எழுதும் முன் கோட்டைப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க நிற்கிற ஒருவரிடம் கேட்டிருந்தாலே போதும்.