டாக்ஸோபிளாஸ்மா – சொல் விளக்கம்

புதுச்சேரியில் கருவுற்ற பெண்களுக்கு எழுதித் தரப்படும், சேயைத் தாக்கக்கூடிய தொற்றுகளுக்கான ‘டார்ச் டெஸ்ட்’ (TORCH) என்ற பெயரின் முதல் எழுத்து டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியைக் குறிப்பது. ‘டாக்ஸிக்’ என்ற சொல் காதுக்குப் பழகிவிட்டதால், அறிக்கையில் ‘டாக்ஸோ ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று கண்டதும் வயிற்றுப் பிள்ளைக்கு விஷம் ஏறிவிட்டதோ என்று பதறுகிறவர்கள் உண்டு. ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் எப்போதோ வந்துபோன பழைய தொற்று என்றே பொருள். ஐஜிஎம்மும் பாசிட்டிவ் ஆனால்தான் தொற்று அண்மையதா என்று ஆராய வேண்டியிருக்கும்.

கிரேக்கத்தில் ‘டாக்ஸோன்’ என்பது வில். ‘பிளாஸ்மா’ என்பது வார்த்த உரு. 1908இல் துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கு ஒன்றின் உடலில் இந்த ஒற்றைச்செல் உயிரியைக் கண்டு, வில்போல் வளைந்த அதன் வடிவத்தை வைத்து மறு ஆண்டு இப்பெயரைச் சூட்டினர். அம்பு நுனியில் தடவும் நஞ்சுக்குக் கிரேக்கர் ‘டாக்ஸிகோன்’ என்றதால் ‘டாக்ஸிக்’ என்பதும் இதே வேரில் கிளைத்ததுதான்; உறவு அவ்வளவே. ஆகவே ‘நச்சு’ என்று தொடங்கும் தமிழாக்கம் பிழை. ‘வில்லுரு ஒட்டுண்ணி’ என்பதே பொருந்தும்.

இத்தொற்று நஞ்சுக்கொடி வழியாகச் சேயை அடைவதைப் ‘பிறவித் தொற்று’ என்பதைவிடக் ‘கருவழித் தொற்று’ என்பது நல்லது. பிறவி என்றால் மரபில் வந்த குறை என்று வீட்டார் தாயைப் பழிக்க இடமுண்டு.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பத்துப் பெண்கள் பிரான்சில் கருவுற்றால் இச்சொல்லை மாதந்தோறும் கேட்பார்கள். முன்பு தொற்று வராத கர்ப்பிணிகளுக்கு 1992 முதல் அங்கே மாதாந்திரப் பரிசோதனை நடக்கிறது. கருவின் தொடக்க மாதங்களில் தொற்று சேயை அடைவது அரிது, ஆனால் அடைந்தால் மூளையையும் விழித்திரையையும் கடுமையாகத் தாக்கும். கடைசி மாதங்களில் எளிதில் அடையும், பாதிப்பு குறைவு.

மனிதருக்கு இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை, செம்மறியாட்டுக்கு உண்டு. கருச்சிதைவைத் தடுக்க 1988இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்த அந்த ஊசியில் இருப்பது இந்த ஒட்டுண்ணியின் ‘எஸ்48’ என்னும் உயிருள்ள வகை. எலிகளில் ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி வளர்த்ததில், தசையில் உறைகட்டித் தங்கும் திறனை அது இழந்துவிட்டது. பெட்டை ஆடு சினைப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே அதைப் போடுகிறார்கள். உயிருள்ள ஒட்டுண்ணியை, அது மீண்டும் வலுப்பெறலாம் என்ற அச்சத்தோடு, தாயாகப் போகிறவருக்குச் செலுத்த எவரும் துணியார். அதனால்தான் ஒட்டுண்ணியின் ‘சாக்1’ போன்ற மேற்பரப்புப் புரதங்களையும், மரபணு நீக்கி நலிவித்த வகைகளையும், எம்ஆர்என்ஏ முறையையும் எலிகளில் சோதித்து வருகின்றனர். எலிகளின் உடலில் ஒட்டுண்ணி கட்டும் உறைகளின் எண்ணிக்கை குறைகிறது, முற்றாக நீங்குவது அரிதாகவே இருக்கிறது. மனிதருக்கான தடுப்பூசி வரும்வரை கர்ப்பிணிகளுக்கான காப்பு, இறைச்சியை நன்றாக வேகவைப்பதும், கீரையைப் பலமுறை அலசுவதும், பூனை கழித்த மண்ணை வெறுங்கையால் தொடாதிருப்பதும்தான்.