கவுண்டி கவுன்சில் கணக்கை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்

இங்கிலாந்தில் உள்ளாட்சிக்குக் கவுன்சில் வரி கட்டுகிற பலருக்கு இந்த உரிமை தெரிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, 30 வேலை நாட்களுக்கு, கவுண்டி கவுன்சிலின் (மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றம்) அந்த ஆண்டுக் கணக்கோடு சேர்ந்த பில், வவுச்சர், ஒப்பந்தம் எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர்கள் கேட்டுப் பார்க்கலாம். பார்க்கக் காசு இல்லை, நகலுக்குக் கட்டணம் உண்டு. ஊழியர்களின் சொந்த விவரங்களையும் சில வணிக ரகசியங்களையும் மட்டும் மறைத்துத் தருவார்கள்.

இதன் வேர் ஏழைகள் நிவாரணத்தில் இருக்கிறது. நிவாரணப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க 1844 ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத் தணிக்கையாளர்களைக் கொண்டுவந்தது. 1888 இல் கவுண்டி கவுன்சில்களை உருவாக்கியபோது அவற்றின் கணக்கும் இவர்கள் கைக்கு வந்தது. வெறும் குறிப்பு எழுதிவிட்டுப் போகிறவர்கள் அல்ல இவர்கள். சட்டவிரோதச் செலவு என்று கண்டால், அந்தத் தொகையைக் கவுன்சிலர்களின் சொந்தப் பையிலிருந்தே தண்டத்தீர்வையாக வசூலிக்கலாம். கிழக்கு லண்டனின் பாப்லர் கவுன்சில், ஆண் பெண் பேதமில்லாமல் தன் தொழிலாளர்களுக்கு வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சக் கூலி கொடுத்தது. அது அதிகம் என்று தணிக்கையாளர் 5,000 பவுண்டை முறையான செலவாக ஏற்க மறுக்க, 1925 இல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையும் அதையே உறுதிசெய்தது. கணக்குப் பார்ப்பவர் கூலியை நிர்ணயிப்பதா என்ற கோபம் நியாயமானதுதான்.

அதே அதிகாரம் வேறு விதமாகவும் பயன்பட்டது. வாக்குக்காகக் கவுன்சில் வீடுகளை விற்றதாக வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மீது உள்ளூர்க்காரர்கள் 1989 இல் தணிக்கையாளரிடம் ஆட்சேபனை கொடுத்தார்கள். தணிக்கையாளர் தண்டத்தீர்வை விதிக்க, வழக்கு 2001 வரை இழுத்தது. கடைசியில், தலைவராக இருந்த ஷெர்லி போர்ட்டர் 2004 இல் 1.23 கோடி பவுண்டு கட்டி முடித்தார்.

1983 முதல் தணிக்கை ஆணையம் தணிக்கையாளர்களை நியமித்தது. அதை 2015 இல் மூடிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் தனியார் தணிக்கை நிறுவனங்கள்தான். தண்டத்தீர்வையும் இன்று இல்லை. அதற்குப் பதில் தணிக்கையாளர் பொதுநல அறிக்கை விடலாம், நீதிமன்றம் போகலாம். நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி கவுன்சில் 2018 இல் திவாலின் விளிம்புக்குப் போனபோது, அதன் தணிக்கையாளர் பட்ஜெட் சட்டப்படி இல்லை என்று எச்சரிக்கை அறிவிப்பே விட்டார். அந்தக் கவுன்சிலே 2021 இல் கலைக்கப்பட்டது.

கணக்கைப் பார்ப்பது ஒரு படி. தணிக்கையாளரிடம் கேள்வி கேட்பதும் ஆட்சேபனை கொடுப்பதும் அடுத்த படி. இதற்கு அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், முறையான விசாவில் அங்கே குடியிருக்கிறவர்களும் பெயர் சேர்க்கலாம்.

ஆட்சேபனை எழுத்தில் இருக்கட்டும், ஒரு நகல் கவுன்சிலுக்கும் போக வேண்டும். கொள்கை பிடிக்கவில்லை என்று எழுதினால் எடுபடாது; எந்தச் செலவு, ஏன் சட்டவிரோதம் என்று சுட்டிக்காட்டுங்கள். தேதிகளைக் கவுன்சிலின் இணையதளத்தில் அறிவிப்பார்கள். அந்த 30 நாளைத் தவறவிட்டால் அந்த ஆண்டுக் கணக்குக்கு ஆட்சேபனை கொடுக்க முடியாது.