உடைந்ததும் சூப்பர் க்ளூவைத் தேடாதீர்கள்

என் பட்டறைக்குப் பழுது பார்க்க வரும் நாற்காலிகளும் பீங்கான் சாமான்களும் பெரும்பாலும் வீட்டிலேயே ஒருமுறை ஒட்டிப் பார்க்கப்பட்டவைதான். உடைந்த இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: விளிம்பில் கண்ணாடிபோல இறுகிய படலம், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்த கறை. சூப்பர் க்ளூ! அதைச் சுரண்டி எடுப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். மரத்தில் இன்னும் சிரமம். நாருக்குள் இறங்கிவிட்டால் மரப்பசை அந்த இடத்தில் பிடிக்காது. மரத்தையே கொஞ்சம் சீவ வேண்டும்.

சூப்பர் க்ளூ ஈரப்பதத்தால் இறுகுவது. மெல்லிசாகத் தடவினால்தான் பலம். இடைவெளியை அடைக்கட்டும் என்று பிழிந்து ஊற்றினால் சரியாக இறுகாது. நேராக இழுத்தால் நன்றாகவே தாங்கும். தட்டினால், வளைத்தால் 'டக்'கென்று விட்டுவிடும். சூடும் ஆகாது. கைப்பிடி உடைந்த கோப்பையை எதை வைத்து ஒட்டினாலும் சரி, அதில் காபி குடிக்காதீர்கள். பேனா போட்டு வையுங்கள்.

மரத்துக்கு வெள்ளை மரப்பசைதான். பழைய பசையைச் சுரண்டிவிட்டுத் தடவி, கிளாம்ப் போட்டோ கயிற்றால் இறுக்கிக் கட்டியோ ஒரு நாள் விட்டுவிடுங்கள். மூட்டு சரியாகப் பொருந்தியிருந்தால், அடுத்த முறை மரம்தான் பிளக்கும், ஒட்டு விடாது.

உலோகம், பீங்கான், கல்லுக்கு எபாக்சி, அதாவது இரண்டு டியூபிலிருந்து எடுத்துக் கலந்து போடும் பசை. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை, அதாவது இறுக வைக்கும் டியூபில் உள்ளதை, கூட்டுகிறார்கள். அது ஒட்டைப் பலவீனமாக்கும். பாக்கெட்டில் சொன்ன அளவுதான்.

செருப்பு அடிப்பாகம், ரெக்சின் போன்ற வளைகிற பொருள்களுக்கு ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்ப்பதால்தான் பல பேருக்கு ஒட்டு நிற்பதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. அதன் ஆவி தீப்பிடிக்கும்.

பிளாஸ்டிக்கில் அடிப்பக்க முக்கோணத்தைப் பாருங்கள். உள்ளே 2, 4, 5 என்றிருந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். வாளி, டிபன் டப்பா, பாட்டில் மூடி எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். சாதாரணப் பசை எதுவும் இதில் நிற்காது. பசைக்கு முன்னால் தடவும் தனி பிரைமர் வேண்டும், இல்லையென்றால் திருகாணி. தெர்மோகோலோ நேர் எதிர். ரப்பர் பசை பட்டால் கரைந்து குழி விழும்.

கடைசியாக ஒன்று. சிந்திய சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பஞ்சு பட்டதும் கொதித்து விரலைச் சுடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் உடனே வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள். இமைகள் ஒட்டியிருந்தால் இழுக்கவும் வேண்டாம், பசையைக் கரைக்கும் அசிட்டோனைக் கிட்டே கொண்டுபோகவும் வேண்டாம். நேராகக் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.