ரப்பர் முதலையைப் பார்த்து ஏன் அலறிச் சிரிக்கிறோம்?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் போன வருடம் கிடாவெட்டு நடந்தது. பொரியலுக்காகப் பிடித்த ரத்தத்தை ஒரு போசியில் ஊற்றி வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தயிர்போல உறைந்து கருஞ்சிவப்பாகிவிட்டது. துருப்பிடித்த இரும்பைத் தேய்த்த கையில் வருமே, அதுபோல ஒரு வாடை. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அன்று இரவு அதே அத்தை பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஏரியிலிருந்து எழுந்து வரும் ராட்சத முதலைப் படம் ஒன்றைப் பார்த்தார். முதலை ஒருவனை இரண்டாகக் கடித்தது. பம்புசெட் தொட்டியில் தண்ணீர் விழுவதுபோல ரத்தம் கொட்டியது. அத்தை அலறினார், மூச்சு விடுவதற்குள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இப்படிப்பட்ட படங்களை மட்டமானவை என்று ஒதுக்குகிறவர்கள் பலர். எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. பயம், அருவருப்பு, சிரிப்பு மூன்றையும் ஒரே கணத்தில் எழுப்புவது லேசான காரியம் இல்லை. அதை இந்தப் படங்கள் எப்படிச் சாதிக்கின்றன என்று பார்த்தால், நம் மூளை வேலை செய்யும் விதம் கொஞ்சம் பிடிபடும்.

மூக்கிலிருந்து தொடங்கலாம். பாலூட்டிகளின் ரத்தத்தில் ஆல்டிஹைட் என்ற வகையைச் சேர்ந்த ஒரு வாசனை மூலக்கூறு இருக்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை மட்டும் தனியாக முகரவைத்துப் பார்த்து, 2017ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓநாய்கள் அந்த வாடையைத் தேடி வந்தன. மனிதர்களோ லேசாகப் பின்னால் சாய்ந்தார்கள். ரத்த வாடை என்றால் விலகு என்பது நம் உடலில் அவ்வளவு ஆழத்தில் பதிந்திருக்கிறது. திரையில் கொட்டும் ரத்தத்துக்கு இந்த வாடை கிடையாது. கண் ரத்தம் என்கிறது, மூக்குக்கு எட்டுவதோ பக்கத்து இருக்கை முறுக்கு வாசம். சாட்சி ஒத்துப்போகாத வழக்கைப்போல அருவருப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

நிறமும் அப்படித்தான். உண்மையான ரத்தம் காயக் காய, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகிவிடும். சினிமா ரத்தம் பெரும்பாலும் சோளப் பாகில் சிவப்புச் சாயம் கலந்தது. எத்தனை நேரமானாலும் குங்குமச் சிவப்பிலேயே இருக்கும். 1960ல் இயக்குநர் ஹிட்ச்காக் தன் ‘சைக்கோ’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் குளியலறைக் கொலைக்குச் சாக்லேட் பாகையே பயன்படுத்தினார்.

அளவு என்று ஒன்று இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் உடலில் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். ஒரே கடியில் அறைச் சுவர் முழுவதும் நனைந்தால், மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டு, இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடுகிறது. ரத்தத்தை அளவுமீறிக் கொட்டுவதை இயக்குநரின் கைத்தவறு என்று நினைக்க வேண்டாம். பார்ப்பவருக்குக் கொடுக்கும் அபய முத்திரை அது.

அப்படியானால் அலறல் எங்கிருந்து வருகிறது? என் அப்பாரு மஞ்சள் காட்டுக்கு இரவில் தண்ணீர் கட்டப் போகும்போது வரப்பைத் தடியால் தட்டிக்கொண்டே நடப்பார். ஒருமுறை டார்ச் வெளிச்சத்தில் சொட்டுநீர்க் குழாயின் கறுப்புத் துண்டு ஒன்று வளைந்து கிடந்தது. அவர் ஓரடி பின்னால் தாவிய பிறகுதான் அது குழாய் என்று தெரிந்தது. கயிற்றைப் பாம்பாகக் காண்பதை வேதாந்திகள் கயிற்றரவு என்பார்கள், அந்த மயக்கம் இதுதான். நரம்பியல் அறிஞர் ஜோசப் லெடூ இதற்கு இரண்டு பாதைகளைச் சொன்னார். புலன்கள் கொண்டுவரும் செய்தி, ஆபத்தை உணரும் மூளைப் பகுதியான, பாதாம் பருப்பு அளவிலுள்ள அமிக்டலாவுக்குக் குறுக்கு வழியில் கரடுமுரடாகப் போய்ச் சேர்கிறது. பெருமூளைப் புறணி வழியாகச் சுற்றிவரும் செய்தி தெளிவானது, ஆனால் தாமதமானது. முதல் செய்தியில் தாவுகிறோம். இரண்டாவது வந்ததும் நிதானிக்கிறோம்.

இந்தக் குறுக்கு வழிக்கு எந்த உருவமும் போதும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மைக்கேல் குக், சூசன் மினெகா இருவரும் ஆய்வகத்திலேயே வளர்ந்த, பாம்பை அறியாத ரீசஸ் குரங்குகளுக்கு வீடியோ காட்டினார்கள். வேறொரு குரங்கு பொம்மைப் பாம்பையும் பொம்மை முதலையையும் பார்த்து மிரள்வதுபோல அதில் காட்சிகள் ஒட்டப்பட்டிருந்தன. பார்த்த குரங்குகளும் மிரளக் கற்றுக்கொண்டன. அதே மிரட்சியைப் பூவோடும் பொம்மை முயலோடும் ஒட்டிக் காட்டியபோது பயம் ஒட்டவே இல்லை. 1989ல் வந்த இந்த ஆய்வை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்காது. பயம் பிறக்க ஒரு பொம்மை போதுமாக இருந்திருக்கிறது! மலிவான ரப்பர் ஜந்துவும் நம்மைத் துள்ளவைப்பதில் ஆச்சரியமில்லை.

துள்ளலுக்குப் பின்னால் வரும் சிரிப்பு ஏன் அவ்வளவு பலமாக இருக்கிறது? உளவியலாளர் டால்ஃப் சில்மன் 1970களில் இதற்கு விடை சொன்னார். மனம் ஒரு நொடியில் கட்சி மாறிவிடும், உடலால் முடியாது. ஏறிய இதயத்துடிப்பு இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஒரு நகைச்சுவை வந்தால், மிச்சமிருக்கும் படபடப்பெல்லாம் சிரிப்பின் கணக்கில் சேர்ந்துவிடும். சாதாரண நாளில் புன்னகையோடு போகும் வசனம், கை துண்டான காட்சிக்கு அடுத்து வந்தால் வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பது இதனால்தான்.

எதை எவ்வளவு காட்டுவது என்பதும் இதில் முக்கியம். 1975ல் வந்த ‘ஜாஸ்’ படத்தின் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதாகியதால், ஸ்பீல்பெர்க் அதை வெகுநேரம் காட்டாமலே கதையை நகர்த்தினார். பயம் கூடியது. நகைச்சுவை ஜந்துப் படங்கள் எதிர்த்திசையில் போகின்றன. பல், நாக்கு, குடல் எல்லாம் பட்டப்பகல் வெளிச்சத்தில் தெரியும். முழுதாகப் பார்த்துவிட்ட எதையும் வெகுநேரம் பயத்தோடு பார்க்க முடியாது.

தனியாகப் பார்ப்பதற்கும் கூட்டத்தோடு பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பண்ணாரி அம்மன் கோயில் தீமிதிக் குண்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தம்பி தணலில் கால் வைக்கும்போது தடுப்புக்கு வெளியே நிற்கும் அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஸ்பெயின் நாட்டுக் கிராமம் ஒன்றில் நடக்கும் தீமிதியில் ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். மிதிப்பவரின் இதயத்துடிப்பு ஏறி இறங்கிய விதத்தில், வேடிக்கை பார்த்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. முன்பின் தெரியாதவர்களுக்கு அப்படி நேரவில்லை. 2011ல் வந்த முடிவு இது. வீட்டாரோடு உட்கார்ந்து அலறும்போது நடப்பதும் இதற்குப் பக்கத்து உறவாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அளவு தப்பினால் எல்லாம் கெடும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திகில் வீடு ஒன்றுக்குள் 110 பேரை இதயத்துடிப்புக் கருவியோடு அனுப்பிப் பார்த்தார்கள். பயம் குறைந்தபோது சலிப்பு, மிஞ்சியபோது துன்பம். இரண்டுக்கும் நடுவில்தான் இன்பம் உச்சத்தில் இருந்தது. அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் மாறும்.

அன்று இரவு அத்தை சிரித்தபோது அக்கா மகள் சிரிக்கவில்லை. எட்டு வயது. தலையணைக்குள் முகம் புதைத்துவிட்டாள். படத்தை நிறுத்திவிட்டு அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போனேன். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் பாகு காய்ச்சி, ஒரு கரண்டி மைதாவைக் கரைத்து ஊற்றி, சிவப்புக் கேசரிப் பொடியை அவள் கையாலேயே போடச் சொன்னேன். கிளறக் கிளறப் பாகு கெட்டியாகி, கரண்டியிலிருந்து நூல்போல இறங்கியது. ஆறியதும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

“இனிக்கிறது மாமா.”

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முதலைக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னாள்.