துறையிடை ஆய்வு: ‘பல்துறை’ என்றால் போதாதா?

‘இன்டர்டிசிப்ளினரி’ என்ற சொல்லைத் தமிழில் பெரும்பாலும் ‘பல்துறை’ என்றே எழுதிவிடுகிறோம். ஆய்வேட்டின் முகப்பிலும் கருத்தரங்க அழைப்பிதழிலும் அதுதான் நிற்கிறது. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. மொழியியலார் ஒரு கட்டுரை, தொல்லியலார் ஒரு கட்டுரை, புள்ளியியலார் ஒரு கட்டுரை எழுதி ஒரே நூலில் கட்டிவைத்தால் அது பல்துறைத் தொகுப்பு, அதில் பிழையில்லை. அதே மூவரும் ஒரே கேள்வியின் முன் உட்கார்ந்து, ஒருவர் முறையை மற்றவர் கற்று, எவரும் தனியாக எட்டியிருக்க முடியாத விடைக்கு வந்து சேர்ந்தால் அதற்கு வேறு பெயர் வேண்டும்.

மூலச்சொல் லத்தீன் வழி வந்தது. ‘இன்டர்’ என்றால் இடையே. ‘டிசிப்ளினா’ என்றால் கல்வி, பயிற்சி. ‘டிசிபுலஸ்’ என்னும் மாணாக்கனைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல்லுக்கு அறிவுப் பிரிவு, ஒழுங்கு என்று இரண்டு பொருளும் நிலைத்துவிட்டன. நாம் முதற்பொருளுக்குத் ‘துறை’ என்றும் இரண்டாவதற்கு ‘ஒழுக்கம்’, ‘ஒழுங்கு’ என்றும் பிரித்துக்கொண்டோம். அதில் ஒன்று மறைந்துபோகிறது: ஒவ்வொரு துறையும் ஓர் ஒழுங்குதான். எது சான்று, எவ்வளவு சான்று போதும், எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்று அது தன் மாணவருக்குப் பழக்கிவிடுகிறது. துறை விட்டுத் துறை போவது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

‘துறை’ நமக்கு மிகப் பழைய சொல். நீரில் இறங்கும் இடம் துறை. படித்துறை, துறைமுகம் எல்லாம் அப்படி வந்தவை. சங்கப் பாடல்களைத் திணை என்றும் அதன் உட்பிரிவான துறை என்றும் வகுத்தார்கள். ஒன்றைக் கசடறக் கற்றுத் தேர்வதற்குத் ‘துறைபோதல்’ என்றே பெயர். ஆகவே அறிவுப் பிரிவைத் துறை என்று அழைப்பதில் ஓர் அழகான குறிப்பு இருக்கிறது: இறங்கும் படிகள் வேறு, ஓடும் ஆறு ஒன்று.

சரி, ‘இன்டர்’ என்ற முன்னொட்டை எங்கே வைப்பது? ‘இடைத்துறை’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் ‘இடை’ முன்னால் நின்றால் நடுவில் இருப்பது என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வரும்: இடைக்காலம், இடைநிலை, இடைத்தேர்தல். இரண்டு துறைகளுக்கு நடுவே இன்னொரு துறை முளைத்ததுபோல் தொனிக்கும். பலருக்குள் நடக்கும் ஒன்றைச் சொல்ல நாம் ‘இடை’யைப் பின்னால்தான் வைக்கிறோம்: மக்களிடையே, நண்பர்களிடையே. அந்தப் பழக்கத்துக்கு இசைவது ‘துறையிடை’. சொல்லும் சிறியது, துறையிடை ஆய்வு, துறையிடைக் கல்வி, துறையிடை ஆய்வாளர் என்று ஒட்டும்போதும் நெருடுவதில்லை.

பொருள் வேறுபாட்டை ஓர் ஆய்வில் பார்க்கலாம். இத்தாலியில் குப்பியோ என்ற ஊருக்கு அருகே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு களிமண் பட்டை ஓடுகிறது. அதற்குக் கீழே நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் நிறைந்திருக்கின்றன. மேலே பெரும்பாலானவை காணாமல் போய்விட்டன. டைனோசர்கள் அழிந்த எல்லை அது, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அந்தப் பட்டை படிய எவ்வளவு காலம் பிடித்தது என்று அறிய விரும்பினார் புவியியலாளர் வால்டர் ஆல்வரெஸ். அவருடைய தந்தை லூயிஸ் ஆல்வரெஸ் 1968-இல் நோபல் பெற்ற இயற்பியலாளர். விண்தூசியோடு சீராக வந்து விழும், பூமியின் மேலோட்டில் மிக அரிதான இரிடியம் என்னும் உலோகத்தை அளந்தால் காலத்தைக் கணக்கிடலாம் என்றார் அவர். அணுக்கரு வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அளந்து பார்த்தார்கள். இரிடியம் சுற்றுப் பாறைகளில் இருப்பதைப்போல் சுமார் 30 மடங்கு இருந்தது. தூசியால் அவ்வளவு சேராது. கடிகாரமாகப் பயன்படும் என்று தேடியது, சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் மோதியதற்குச் சான்றாக நின்றது. 1980-இல் நால்வரும் சேர்ந்து அந்த விளக்கத்தை வெளியிட்டார்கள்.

இதில் எந்தத் துறையையாவது விலக்கிப் பாருங்கள். பாறையை அறிந்தவர் இல்லாவிட்டால் கேள்வியே இல்லை. இயற்பியலார் இல்லாவிட்டால் இரிடியம் யாருக்கும் தோன்றியிராது. வேதியியலார் இல்லாவிட்டால் அளவு இல்லை. ஒன்றை எடுத்தால் மொத்தமும் சரிந்துவிடுமானால் அது துறையிடை ஆய்வு. ஒன்றை எடுத்தாலும் மற்றவை தத்தம் இடத்தில் நிற்குமானால் அது பல்துறை. ஐயம் வரும்போது இந்த உரைகல் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. புதைபடிவங்கள் படிப்படியாகவே குறைகின்றன என்று தொல்லுயிரியலார் பலர் மறுத்தார்கள். அவர்கள் ஒழுங்கில் அது நியாயமான மறுப்பு. 1982-இல் தொல்லுயிரியலாளர்கள் சிக்னர், லிப்ஸ் இருவரும் மாதிரிகள் குறைவாகக் கிடைக்கும்போது திடீர் அழிவுகூடப் படிப்படியானதுபோல் தோன்றும் என்று காட்டினார்கள். விண்கல் மோதிய பள்ளமோ வேறிடத்தில் காத்திருந்தது. மெக்சிகோவின் யுகாட்டான் பகுதியில் எண்ணெய் தேடிய புவி இயற்பியலாளர்கள் பென்ஃபீல்டும் கமார்கோவும் மண்ணுக்கடியில் ஒரு மாபெரும் வட்ட அமைப்பு இருப்பதை 1981-லேயே தங்கள் துறை மாநாட்டில் சொல்லியிருந்தார்கள். விண்கல் ஆய்வாளர்களில் அநேகமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆலன் ஹில்டிபிராண்ட் அந்தப் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பென்ஃபீல்டின் கண்டுபிடிப்பைப் பற்றி 1990-இல் அவருக்குச் சொன்னவர் ஒரு செய்தியாளர். 1991-இல் இரு தரப்பும் சேர்ந்து எழுதிய கட்டுரையால் சிக்சுலூப் பள்ளம் உலகுக்குத் தெரிந்தது. விடையின் ஒரு பாதி ஒரு துறையிலும் மறுபாதி இன்னொரு துறையிலும் ஒன்பது ஆண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் கிடந்திருக்கின்றன. அதை எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்த இடைவெளியைத் தாண்டத் துணிபவர் பெரும்பாலும் இளம் ஆய்வாளர். விலையும் அவர் கொடுக்கிறார். இரண்டு நெறியாளர்கள் இரண்டு திசையில் இழுப்பார்கள். கட்டுரையை ஓர் இதழ் ‘இது எங்கள் துறை இல்லை’ என்று திருப்பும். மற்றதும் அதையே சொல்லும். வேலைக்கான நேர்காணலில் ‘நீங்கள் உண்மையில் எந்தத் துறை?’ என்று கேட்பார்கள். ஒரு முறையை முதலில் ஆழமாகப் பயின்றுவிட்டு, கேள்வி இழுக்கும் திசையில் அடுத்ததைக் கற்பதே நல்லது என்பேன். இரண்டிலும் மேலோட்டமாக நின்றால் இரு பக்கச் சான்றையும் எடைபோட முடியாது.

இனி உறவுச் சொற்கள். ‘மல்டிடிசிப்ளினரி’ என்பதற்குப் பல்துறை. ‘டிரான்ஸ்டிசிப்ளினரி’ என்பதற்குத் துறைகடந்த. 1970-இல் பிரான்சின் நீஸ் நகரில் ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு நடத்திய கருத்தரங்கில் இச்சொற்களைப் பிரித்து வரையறுக்க முயன்றார்கள். உளவியலாளர் பியாஜே ‘டிரான்ஸ்டிசிப்ளினரி’ என்ற சொல்லை அங்கே எடுத்தாண்டார். துறை எல்லைகளே கரைந்துபோன நிலையை அது குறிக்கிறது. அந்த நிலையை எட்டாத ஆய்வுக்கு அப்பெயரைச் சூட்டுவது மிகை. பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் ‘துறையிடைமை’ என்று எழுதலாம். ‘துறைகளுக்கு இடையேயான’ என்ற நீண்ட தொடரும் தவறில்லை. முதல்முறை அதை எழுதிப் பொருளை உணர்த்திவிட்டு, பிறகு ‘துறையிடை’ என்று சுருக்கிக்கொண்டால் வாசகர் தடுமாற மாட்டார்.