தேக்கு மோதிரம் ஏன் சரிபாதியாகப் பிளந்தது?

"திருமங்கலத்தில் தாத்தா வீட்டை இடித்தபோது, தேக்கு நிலையில் ஒரு துண்டை எடுத்து வைத்தேன். போன ஐப்பசியில் அதை அறுத்து மோதிரம் செய்து, உள்ளே பித்தளை வளையம் ஒட்டினேன். சித்திரையில் இரண்டாகப் பிளந்துவிட்டது. வாசல் நிலையை அறுத்த தோஷம் என்கிறார் அப்பத்தா. உண்மையா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தோஷம் இல்லை தம்பி. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து நார் ஓட்டத்தைப் பாருங்கள். பலகையில் அறுத்த மோதிரத்தில் நார் முழுக்க ஒரே திசையில்தான் போகும். மோதிரம்தான் வளைகிறது, நார் வளைவதில்லை. அதனால் எதிரெதிரே இரண்டு இடங்களில் அது வளையத்துக்குக் குறுக்கே விழும். விறகு பிளப்பது போல அங்கேதான் விடும்.

பழைய மரம் காய்ந்ததுதானே என்று தோன்றும். எவ்வளவு பழைய மரமும் ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், சித்திரையில் விட்டுவிடும். அந்தச் சுருக்கம் நாருக்குக் குறுக்கேதான் அதிகம். பச்சை மரம் முழுக்க உலர்ந்தால் குறுக்கே 3 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். நீளத்தில் பெரும்பாலும் 0.1, 0.2 சதவீதம்தான். மதுரை வெயிலில் மரம் சுருங்கப் பார்த்தது, பித்தளை இடம் கொடுக்கவில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் வட்டையை ஆசாரிமார் ஒரே பலகையில் அறுக்காமல் துண்டு துண்டாகச் சேர்த்ததும் இந்த நார் ஓட்டத்துக்காகத்தான்.

சரி, நாரையே வட்டமாக ஓட விடுவோம். அதே கட்டையில் ஆணி இல்லாத பக்கம் பார்த்து, இழைப்புளியால் நீளவாக்கில் அரை மில்லிமீட்டர் சீவல் ஒன்று எடுங்கள். அப்படியே மடக்கினால் படக்கென்று ஒடியும். கால் மணி நேரம் கொதிநீரில் போட்டுவிட்டு மடக்குங்கள், விரலைச் சுற்றி வரும்!

செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்ற பொருள் கட்டிப் பிடித்திருப்பதுதான் மரம். கடலைமிட்டாயில் கடலையைப் பாகு பிடித்திருப்பது போல. பாகு சூடாக இருக்கும்வரை தட்டில் எப்படி வேண்டுமானாலும் பரப்பலாம்; ஆறினால் கல். ஈரமான லிக்னினும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகும். இழைகள் அறாமல் ஒன்றின்மேல் ஒன்று நழுவி வளைவுக்கு இடம் கொடுக்கும். குழாயில் சுற்றிக் கட்டி ஒரு நாள் காயவிட்டால், புது வடிவத்திலேயே இறுகிவிடும். வெறும் ஈரம் போதாது, வெறும் சூடும் போதாது. இரண்டும் சேர்ந்து ஒரு கட்டையின் பிடிவாதத்தைக் கரைப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அப்புறம் பசை தடவி நான்கைந்து சுற்று. இப்போது நார் விரலைச் சுற்றியே ஓடுவதால் வளையத்தின் சுற்றளவு அநேகமாக மாறாது, உலோகத்தோடு சண்டை வராது. உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்த் துண்டு நல்லது. பித்தளையில் உள்ள தாமிரம் வியர்வை பட்டால் விரலில் பச்சையாகப் படியும்.

தலைமுறைகள் வாசலில் நின்ற தேக்கை தோஷம் என்று ஒதுக்கி விறகுக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. மீதிக் கட்டையில் அப்பத்தாவுக்கும் ஒன்று செய்யுங்கள். விரல் அளவை மட்டும் சாயங்காலம் எடுங்கள். பகல் வெயிலில் விரல் கொஞ்சம் வீங்கியிருக்கும்.